காமாவின் பெருமை

தோல்வியே அறியாத மல்லர் என்று காமா பயில்வானை நம் தேசத்தார் போற்றி வருகின்றனர். 1960ம் வருஷம் மே 23ந் தேதி லாகூரில் அவர் காலமான பின்னரும் அப்புகழுரை வளர்ந்தே வந்திருக்கிறது. ஆனால் புகழ்ச்சி வேறு, மதிப்பீடு வேறு. வீரன் செய்ததை எடைபோடுவதே அவனுக்குச் செய்யும் மரியாதை. செய்யாததை அவன் கணக்கில் ஏற்றுவதன்று.

1928 ஜனவரியில், பாட்டியாலாவில், போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவைக் காமா ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்தியதையே அவரது அன்பர்கள் முதலில் எடுத்துரைப்பர். வெற்றிதான், ஐயமில்லை. ஆயினும் அன்று இருவருமே ஐம்பதை நெருங்கியவர்கள். நடந்ததோ ஸ்பிஸ்கோவுக்குப் பழக்கமில்லாத மண் கோதாவில். காமாவின் திறமைக்கு அதனை உரைகல்லாகக் கொள்ள நாம் ஒப்போம்.

உண்மையான பரீக்ஷை 1910ம் வருஷத்தில் லண்டனில் நடந்தது. ஆகஸ்டில் அமெரிக்க மல்லர் டாக்டர் ரோலரைக் காமா இருமுறை மண்ணைக் கவ்வச் செய்தார். செப்டம்பர் 10ந் தேதி ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். தம்மினும் கனத்த அந்த எதிரி விரைவிலேயே விரிப்பில் குப்புறப் படுத்து அதைப் பற்றிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முயன்றும் அவரைப் புரட்டிப்போடக் காமாவால் இயலவில்லை. ஒரு வாரம் கழித்து, மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பரிசுக் கச்சை காமாவுக்குக் கிடைத்தது.

படுத்தவனைப் புரட்டும் வித்தையில் காமாவுக்குக் குறை இருந்தது என்று சிலர் கூறுவர். அக்கூற்றை முற்றும் தள்ளிவிட முடியாது. ஆனால் நின்று பொருத இயலாதென்று கண்டன்றோ எதிரி படுத்தார்! நிற்கும் மல்லரை வீழ்த்துவதில் காமாவின் வேகமும் பிடியும் எத்தகையன என்பதற்கு அதுவே சாட்சி. நம் நாட்டிலும், தம்மைவிட நெடிய ரஹீம் பக்ஷுடன் முன்பு வெற்றி தோல்வியின்றிப் பிரிந்தவர், பின்னர் அலகாபாத்தில் அவரை வென்று காட்டினார். இவ்வெற்றியைப் பாட்டியாலாவுக்கு மேலாகவே நாம் மதிக்கிறோம்.

காட்ச், ஹாக்கன்ஷ்மிட் ஆகிய இருவருடனும் அவர் மோதவேயில்லை. மோதியிருந்தால் வென்றிருப்பார் என்று அடித்துப் பேசுவது வீண். நடவாத போட்டிக்கு வெற்றி எழுதினால், நடந்த போட்டிகளின் வெற்றியும் நம்பிக்கையிழக்கும்.

இனி ஒரு வார்த்தை. சமஸ்தானங்களின் ஆதரவில் வளர்ந்தவர் காமா. சமஸ்தானங்கள் மறைந்தன, தேசம் இரண்டாயிற்று, முதுமையில் நோயும் பணமுடையும் அவரை வாட்டின. வெல்ல முடியாதவர் என்று முழங்கிய குரல்கள் எத்தனை! அவர் மருந்துக்கு நீண்ட கைகள் எத்தனை? மல்லனின் புகழை ஊதிப் பெருக்குவது எளிது. அவன் உழைப்பை உள்ளபடி அறிந்து, உயிரோடிருக்கும்போதே அவனைப் பேணுவதுதான் அரிது. காமா விட்டுச்சென்ற பாடம் இதுவே.