இரண்டு கண்ணாடிகளும் ஒரு சந்தேகமும்

பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் சர்வகலாசாலையில் எப்பெசன் என்பவரும் அவர் கூட்டத்தாரும் 2016-ல் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளியுள்ள இரண்டு கண்ணாடிகளின் நடுவில் ஒரு திரவத்தை அடைத்து, அவ்விடைவெளியை மூலக்கூறின் அதிர்வுக்கு ஒத்தபடி அமைத்தால், உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம் 5.5 மடங்கு வரை மெதுவாகிறது என்பதே அது. வெளியிலிருந்து வெளிச்சம் ஏதும் பாய்ச்சவில்லை. இருட்டிலும் ஒளிமண்டலத்தின் அசைவு அறவே ஒழிவதில்லை. அதனோடு அதிர்வு பிணைந்துகொள்கிறது என்கிறார்கள்.

இது புரோகிதக் கூட்டத்தார் காதில் விழுந்தால், "பார்த்தீர்களா, கண்ணுக்குத் தெரியாத சக்தி! இதைத்தானே எங்கள் ரிஷிகள் அன்றே சொன்னார்கள்" என்று தட்டை நீட்டிவிடுவார்கள்.

விஞ்ஞானிகள் செய்ததென்ன? பெரியவர் சொன்னார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களா? இல்லை. இதேபோல் தண்ணீரின் அதிர்வைப் பிணைத்தால் சயனேட் வெகு வேகமாய்ச் சிதைகிறது என்று வேறொரு கூட்டத்தார் சொன்னதை, 2021-ல் அமெரிக்காவில் சிலர் சோதித்தார்கள். கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி, பிணைத்தும் பிரித்தும் அளந்தார்கள். பிணைப்பு தெரிந்தது, வேகம் துளியும் மாறவில்லை. அதை அப்படியே அச்சிட்டார்கள். அதற்காக எவரும் அவர்களை நாஸ்திகர் என்று ஜாதிவிலக்குச் செய்யவில்லை. பிறகு 2023-ல் வாஷிங்டன் கடற்படை ஆராய்ச்சிசாலையார் யூரிதேன் உண்டாவது மெதுவாவதைக் கண்டு வெளியிட்டார்கள். ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விளக்கம் இன்னும் இல்லை. இல்லையென்று சொல்ல அவர்கள் வெட்கப்படவும் இல்லை.

நாம் கேட்பது இதுதான்: கண்ணாடியை விலக்கிப் பார்த்ததுபோல், மந்திரத்தைச் சொல்லியும் நிறுத்தியும் பலனை அளந்துபார்க்க எந்தப் புரோகிதராவது முன்வருவாரா? வருவாரானால் பக்கத்தில் கடிகாரம் பிடித்துக்கொண்டு நிற்க நாம் தயார்.