அரிசிக்கும் எல்லைக் காவலா?

"ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு" என்று தில்லி ஆட்சியாளர்கள் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். சாலை பஜாரில் மூட்டை தூக்கும் நம் தோழர் வீட்டு அடுக்களையில் அந்த முழக்கம் எத்தனை ஆழாக்கு அரிசியாக வந்து விழுந்தது?

தோழர்களே, தாய்மார்களே! 2020 மார்ச் மாதத்தை மறக்க முடியுமா? 22-ஆம் தேதி ரயில்கள் நின்றன. 24-ஆம் தேதி இரவு 8 மணிக்கு அறிவித்தார்கள். நள்ளிரவில் நாட்டையே பூட்டினார்கள். மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குகிறவன் என்ன செய்வான்? ஜூலை 6 முதல் இந்நகருக்கு டிரிபிள் லாக்டவுன் வேறு!

கேரள அரசு செய்ததை மறைக்க வேண்டியதில்லை. குடும்பஸ்ரீப் பெண்கள் சமூகச் சமையற்கூடங்களில் சோறு பொங்கினார்கள். ரேஷன் கடையில் 17 பொருள்கள் கொண்ட பை கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பை கேரளக் கார்டுக்கு! நம்மில் பலருடைய கார்டு தென்காசியிலும் விளவங்கோட்டிலும் அல்லவா இருக்கிறது? இங்கே கார்டு எடுப்பதென்றால் ஊர்க் கார்டில் பெயரை நீக்க வேண்டும். குடியிருப்புச் சான்றும் வேண்டும். சான்று என்றதும் வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார்.

2020 அக்டோபரில் தமிழ்நாடும் அந்த "ஒரே கார்டு" திட்டத்தில் சேர்ந்தது. சூழ்ச்சி எங்கே என்றால், 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கிய கார்டுக்கு மட்டுமே அது செல்லும். உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். "பி.எச்.எச்." என்றிருந்தால் இங்குள்ள ரேஷன் கடையில் விரல் வைத்துத் தலைக்கு 5 கிலோ தானியம் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை. "என்.பி.எச்.எச்." என்றிருந்தால் ஊரில் 20 கிலோ வரை இலவச அரிசி தரும் அதே கார்டு, களியக்காவிளை தாண்டியதும் வெறும் பிளாஸ்டிக்! இரண்டு கார்டுக்காரரும் ஒரே லாரியில் ஒரே சுமை இறக்குகிறவர்கள்தான். ஏழை ஏழையல்லாதவர் என்று 1997-இல் மத்திய அரசு பிரித்தபோது, எல்லோருக்கும் அரிசி என்று நின்றது தமிழ்நாடு. அந்தப் பெருமை எல்லைக்கு இப்பால் நமக்குச் சோறு போடவில்லை.

சட்டத்தின் பங்கையோ இன்னும் 2011 மக்கள்தொகையை வைத்தே அளக்கிறார்கள். அதன்பின் பிறந்த பிள்ளைக்கு வயிறு இல்லையா?

தொற்று ஓய்ந்தது, சமையற்கூடங்களும் மூடப்பட்டன. 20 ரூபாய்க்குச் சோறு போட்ட ஜனகீய ஹோட்டலில் 2023 ஆகஸ்டில் மானியத்தை நிறுத்தினார்கள். சோறு 30 ரூபாய் ஆயிற்று.

"ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்களேன்" என்கிறார்கள் சில மேதாவிகள். 20 கிலோ அரிசிக்காக ஒரு நாள் கூலியை இழந்து, மூட்டையோடு ரயிலில் இடிபடுவதா? டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அந்தக் கணக்கு.

முல்லைப் பெரியாறுக்காக எத்தனையோ முறை பேச உட்கார்ந்த இரு அரசுகளும் அரிசிக்காக ஒரு முறை உட்காரட்டும். நம் கார்டுக்குரிய அரிசியைக் கேரளக் கடை கொடுக்கட்டும். விலையைத் தமிழ்நாடு கேரளத்துக்குக் கட்டட்டும். இரு முதலமைச்சர்களுக்கும் மனு தயாராகிறது. என்.பி.எச்.எச். கார்டு வைத்திருப்போர் அதன் நகலைச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள்.