சுக்குக் காபி யார் போடுவது?

பாண்டிச்சேரியில் குளிர்காலம் உண்டு என்று சொன்னால் டெல்லிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊர்த் தெர்மாமீட்டர் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க ரொம்பவே யோசிக்கும். ஆனால் அந்த 20 டிகிரிக்கே மங்கி குல்லா, மஃப்ளர், காதுக்குப் பஞ்சு எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிடும். சாயந்திரம் பீச் ரோடில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பாரீஸிலிருந்து வந்த வெள்ளைக்காரர் அரை டிராயரோடு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போவார். எதிரே நம்மாள் தலையோடு காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, "பனி இறங்குது சார், சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்று அவருக்குத் தமிழில் புத்தி சொல்வார்.

உண்மையில் எங்கள் குளிர்காலம் மழைக்காலத்தின் வால். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை, மார்கழியில் பனி. வெளியே போக முடியாது, துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. ஆனால் வீட்டுக்குள் சொர்க்கம். வாணலியில் மசால் வடை, டம்ளரில் சுக்குக் காபி, ராத்திரிக்கு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் ரவையும் ரம்மில் ஊறிய உலர் பழங்களும் போட்டுச் செய்த பாண்டிச்சேரி கேக் பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் வரும். (ரம் எத்தனை என்று கேட்கக் கூடாது. மரியாதை இல்லை.)

இந்த சீசனில் பரவும் இன்னொரு வியாதி கவிதை. மற்ற மாசங்களில் டி.ஏ. அரியர்ஸ் தவிர வேறு எதைப் பற்றியும் சிந்திக்காத ஆபீஸ் நண்பர்கள்கூட, கார்த்திகை பிறந்தால் ஜன்னல் ஓரமாக நின்று பெருமூச்சு விட ஆரம்பிப்பார்கள். நண்பர் ஒருவர் வருஷா வருஷம் டிசம்பரில் பத்து நாள் லீவு போடுவார். நாவல் எழுத. "இந்தக் குளிர், இந்த அமைதி, இந்த மழைச் சத்தம்... கற்பனை தானா வரும் சார்" என்பார்.

வருமா? எங்கள் ஊர் ரிக்கார்டைப் பார்த்தால் வரும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

* * *

1908-ல் பாரதியார் இந்த ஊருக்கு வந்தது கடற்காற்று வாங்க அல்ல. சென்னையில் இருந்திருந்தால் வெள்ளைக்காரப் போலீஸ் உள்ளே தள்ளியிருக்கும். இங்கே பிரெஞ்சுக் கொடி. எல்லை தாண்டி வந்து கை வைக்க முடியாது. ஒற்றர்களை விட்டு வேவு பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்தது. 1910-ல் பத்திரிகை நின்றது. பத்திரிகைக்காரருக்குப் பத்திரிகை இல்லை. ஊரை விட்டு வெளியே போக வழியில்லை. கையில் காசு இல்லை. நேரம் மட்டும் கொட்டிக் கிடந்தது.

அந்த நேரத்தில் என்ன நடந்தது? 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, கீதை மொழிபெயர்ப்பு எல்லாம் இந்த ஊரில் உட்கார்ந்து எழுதியவைதான். முத்தியால்பேட்டைப் பக்கம் கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பு அவருக்கு இலவச ஆபீஸ். குயில் பாட்டு பிறந்த தோப்பு என்று அதைச் சொல்வார்கள். மார்கழிக்கே உரிய திருப்பள்ளியெழுச்சியைக்கூட அவர் விடவில்லை. பெருமாளுக்குப் பதிலாகப் பாரத மாதாவை எழுப்பிப் பாடிவிட்டார்.

அவர் மட்டுமா? அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-ம் தேதி இதே துறைமுகத்தில் வந்து இறங்கினார். 1914-ல் 'ஆர்யா' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்து, 1921 வரை மாசா மாசம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அதே 1910-ல் வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் துப்பாக்கி சுடப் பழகிய கையால் சிறுகதை எழுதினார். 'குளத்தங்கரை அரசமரம்' இந்த ஊர்க் காலத்துச் சரக்கு.

ஆக, வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்வது எழுத்துக்கு நல்லது என்று தெரிகிறது. உலகம் பூராவும் இதே கதைதான். 1815-ல் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தத் தூசி வானத்தை மறைத்ததில் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் லீவுக்குப் போன கவிஞர் கோஷ்டி மழையில் வீட்டுக்குள் அடைபட்டது. போர் அடிக்கவே, "ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்" என்றார் பைரன். அந்தக் கூட்டத்தில் இருந்த 18 வயசுப் பெண் எழுத ஆரம்பித்ததுதான் 'ஃபிராங்கன்ஸ்டீன்'. மேரி ஷெல்லி. எரிமலை இந்தோனேஷியாவில், பேய் இங்கிலீஷில்!

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, நான் சொல்லலை? அமைதி இருந்தா போதும் சார்!"

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "என்னங்க, மழை விட்டிருக்கு. துணியை மாடியில போடறேன், அடுப்புல பால் இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?"

"எழுதிட்டு இருக்கேன்மா" என்றார் நண்பர். பால் பொங்கியது. யார் துடைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

* * *

அன்றைக்குத்தான் எனக்கு வேறொரு கணக்குப் போடத் தோன்றியது.

பாரதி பாண்டிச்சேரிக்கு வந்த 1908-ல் செல்லம்மாளுக்கு வயசு 18. மேரி ஷெல்லிக்கு ஏரிக்கரையில் இருந்த அதே வயசு. மூத்த பெண் தங்கம்மாளுக்கு நாலு வயசு. இளையவள் சகுந்தலா அந்த வருஷம்தான் பிறந்தாள். கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த அந்தப் பெண்தான் ஏறக்குறையப் பத்து வருஷம் இந்த ஊரில் அடுப்பு எரிய வைத்தது. பத்திரிகை நின்ற வீட்டில், வருமானம் எப்போது வரும் என்றே தெரியாத வீட்டில்.

குருவிக் கதை நமக்கெல்லாம் தெரியும். கடன் வாங்கி வைத்திருந்த அரிசியை வாசலில் இறைத்து, குருவிகள் கொத்துவதைப் பார்த்துப் பாரதி ஆனந்தமாகப் பாடினார். எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! கை தட்டியிருப்போம். குருவி சாப்பிட்டாயிற்று. கவிதையும் வந்தாயிற்று. அன்றைக்கு மத்தியானம் குழந்தைகளுக்கு என்ன போட்டார்கள்? அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அடுத்த வீட்டுக்குப் போனது யார்? இதை எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்காரர் விஷயமும் அப்படித்தான். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அவருக்குப் பெயர். வாடகை கேட்க வருகிறவர் பாட்டைக் கேட்டுவிட்டு, பாக்கியைக் கேட்காமலே போய்விடுவாராம். ரசிகர் என்றால் அவர் ரசிகர்! இன்றைக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைத்தால் நானும் மகாகவி ஆகிவிடுவேன். ஆனால் மளிகைக் கடைக்காரர் பாட்டுக்கு மயங்கினார் என்று எங்கேயும் படித்ததில்லை. அந்த டிபார்ட்மெண்ட் செல்லம்மாளுடையது.

1916 நவம்பர் 22, புதன்கிழமை ராத்திரி. நள வருஷம் கார்த்திகை 8. புதுச்சேரியைப் பெரும் புயல் அடித்துப் போட்டது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஜன்னல் தடதடக்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த 1916 ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாரதி அதைப் பாட்டாக எழுதினார். தலைப்பிலேயே தேதி, கிழமை போட்டு எழுதினார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிற பாட்டு அது. நேற்று வரை இருந்த வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன கதி என்ற திகிலும் அதில் வருகிறது.

அந்தப் பாட்டில் ஒரு சின்ன விஷயம். முதலில் முழித்துக்கொள்வது யார் தெரியுமா? மனைவி. காற்றும் கடலும் போடுகிற சத்தத்தைக் கேட்டு, தூங்கிக்கொண்டிருக்கிற கணவனை அவள்தான் எழுப்புகிறாள். எந்த ஜன்னல் ஒழுகுகிறது, எந்தக் கதவு அடித்துக்கொள்கிறது என்று அவளுக்குத்தான் தெரிகிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலும் அப்படித்தான், போன புயலுக்கும் அப்படித்தான். நம் வீட்டில் எந்த ஓட்டை ஒழுகும், அதற்குக் கீழே எந்தப் பக்கெட்டை வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? அம்மாவுக்குத் தெரியும்.

மகாகவி இதைக் கவனித்து எழுதிவிட்டார். அதனால்தான் அவர் மகாகவி. நாம் மழைச் சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

* * *

1918-ல் பாரதி ஊரை விட்டுக் கிளம்பினார். கடலூர் பக்கத்தில் கைது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைவு. அடுத்த வருஷமே, 1922-ல், 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் அவருடைய சுதேச கீதங்களை அச்சில் கொண்டுவந்தவர் செல்லம்மாள். அப்போது அவருக்கு 32 வயசு. இன்றைக்கு நாம் பாடிக்கொண்டிருக்கிற பாட்டுகள் காகிதமாகக் கரைந்து போகாமல் நின்றதில் அந்தக் கைக்கும் பங்குண்டு.

1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று ஒரு பேச்சுப் பேசினார். யாருக்கு வாழ்க்கைப்பட்டாலும் சமாளித்துவிடலாம், கவிஞருக்கு மனைவியாக இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம் என்கிற தோரணையில் அதில் சொல்லியிருக்கிறார். திட்டவில்லை. பெருமையும் வருத்தமும் கலந்து சொன்னார். அப்போது அவருக்கு வயசு 61. தன் பேச்சை ஊர் உட்கார்ந்து கேட்பதற்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டை அரசாங்கம் நினைவில்லமாகவும் அருங்காட்சியகமாகவும் வைத்திருக்கிறது. பாண்டிக்கு வந்தால் பீச், பேக்கரி, இன்ன பிற சமாசாரங்களோடு அங்கேயும் போங்கள். கவிஞர் எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று எல்லோரும் தேடுவார்கள். நீங்கள் ஒரு மாறுதலுக்கு, அடுப்பு எந்த மூலையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால் குளிருக்குப் போர்த்திக்கொண்டு கதை எழுத நினைப்பவர்களை நான் தடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுதுங்கள் சார். கார்த்திகையும் மார்கழியும் அதற்குத்தான் வருகின்றன. அடைத்த கதவும் சூடான டம்ளரும் நிஜமாகவே கற்பனையைக் கிளப்பும். என் கேள்வி எல்லாம், அந்த டம்ளர் எப்படிச் சூடானது என்பதுதான். நாம் 'வீட்டு சுகம்' என்று சொல்கிறோமே, அது யாரோ ஒருத்தர் விடியற்காலை அஞ்சு மணிக்கு ஜில்லென்ற தரையில் காலை வைத்து எழுந்து செய்கிற வேலை. நமக்கு மழை லீவு விட்டால் கலெக்டர் அறிவிப்பு வரும். அவர்களுக்கு எந்தக் கலெக்டரும் அறிவிப்பதில்லை. மழை என்றால் எக்ஸ்ட்ரா டூட்டி. வடை வேறு!

எனவே ஒரு சின்ன யோசனை. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் இருவருக்கும் பொருந்தும். அடுத்த மழை நாளில் நீங்கள் அடுப்படிக்குப் போங்கள். ஒரு துண்டு சுக்கை நன்றாகத் தட்டுங்கள். நாலு மிளகு, கொஞ்சம் தனியா, ஒரு ஏலக்காய் சேர்த்துப் பொடியுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் கருப்பட்டியோடு போட்டுக் கொதிக்க விடுங்கள். ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். முதல் டம்ளரை அம்மாவிடமோ மனைவியிடமோ கொண்டுபோய்க் கொடுத்து, "இன்னிக்கு அடுப்படி என் பொறுப்பு. நீங்க ஜன்னல் பக்கம் உட்காருங்க" என்று சொல்லுங்கள்.

முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து அவர்களாகவே ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தக் காலத்துப் புயல், பிறந்த வீட்டுத் தாழ்வாரம், பாதியில் நின்றுபோன பாட்டு கிளாஸ்... எனக்கென்னவோ உங்கள் நாவலைவிட அது நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

நண்பரிடம் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறேன். "சுக்கு எந்த டப்பாவுல இருக்கு?" என்று மனைவியைக் கேட்டாராம். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது.