மூன்றாவது கூண்டு

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அப்படி உரக்கக் கேட்டார் ஒரு நெசவாளர்: "பாதரசம் சேர்த்த மருந்து எலிக்கு எய்ட்ஸைக் குணமாக்குச்சாமே, நிஜமா சார்?"

முதலில், சாதாரண எலிக்கு எச்.ஐ.வி. தொற்றாது. நம் வெள்ளணுவின் மேலிருக்கும் சிடி4 புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அந்த வைரஸ் உள்ளே நுழைகிறது. எலியின் சிடி4 அதற்குப் பிடிகொடுப்பதில்லை. அதனால் மனித அணுக்களை எலிக்குள் வளர்த்துச் சோதிப்பார்கள். அல்லது எலிக்கே உரிய, அதன் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் ஃபிரெண்ட், எல்பி-பிஎம்5 போன்ற வைரஸ்களைச் செலுத்துவார்கள். பின்னதில் எலி பிழைத்தால், அது எச்.ஐ.வி.யிலிருந்து பிழைத்ததாகாது.

புதுச் சாயம் நிற்குமா என்று பார்க்க ஒரே நூலில் சாயமிட்ட கழியையும் இடாத கழியையும் சேர்த்துத்தானே அலசுவீர்கள்? இங்கும் வைரஸோடு மருந்து பெற்ற எலிகள் ஒரு கூண்டில், வைரஸ் மட்டும் பெற்றவை இன்னொன்றில். தாது மருந்து என்றால் மூன்றாவது கூண்டைத்தான் நான் முதலில் தேடுவேன்: நோயே இல்லாமல் மருந்து மட்டும் தின்றவை. ஏனென்றால் தாதுவே எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கலாம். ஆர்சனிக் கலந்த நீர் குடித்த எலிகள் ஃப்ளூவைத் தாங்க முடியாமல் திணறியதை 2009-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பாதரசமோ, சில வகை எலிகளில் எதிர்ப்புச் சக்தியைச் சொந்த உடம்பின் மீதே திருப்பிவிடுகிறது.

ஆன்டிமனியும் டங்ஸ்டனும் சேர்ந்த எச்பிஏ-23 என்ற மருந்து 1970-களில் பிரான்சில் எலி வைரஸ்களை அடக்கியது. 1984-இல் எய்ட்ஸ் வந்த நடிகர் ராக் ஹட்சன் அதற்காகவே பாரிஸ் போனார். மறு ஆண்டு இறந்தார். மனிதர்களில் அது ரத்தத் தட்டணுக்களைக் குறைத்தது, நோயைத் தடுக்கவில்லை. கைவிட்டார்கள்.

நம் பக்கத்தில், 1990-களில் தாம்பரம் சானடோரியத்தில் மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் தலைமையில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் கொடுத்தார்கள். ரசமும், அதாவது பாதரசமும், கந்தகமும் அந்த மெழுகின் பெயரிலேயே இருக்கின்றன. இங்கே பெரும்பாலோருக்கு வேறு வழி எட்டாதிருந்த காலத்தில் அது துணிச்சலான முயற்சி. ஆனால் பசியெடுத்து எடை கூடினால் எந்த மருந்தால்? கூடவே காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர்களும் தேறியிருப்பார்களே! பக்கத்தில் ஒப்பிட ஒரு குழு இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

தாது என்றாலே ஆகாது என்பதும் சரியில்லை. அதே ஆர்சனிக்கின் ஒரு வடிவம் மனிதச் சோதனைகளில் தேறி, 2000-இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தறி நின்றபின் நெசவாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவர் எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறாராம், 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட மையங்களில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதே, அந்தச் சிகிச்சை. நிறுத்திவிட்டு மெழுகுக்கு மாறலாமா என்பதுதான் அவர் கேட்க வந்தது.

நிறுத்தக் கூடாது என்றேன்.