100-க்கு 97 போதுமா?

தேர்வில் 100-க்கு 97 வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆனால் எல்லா 97-க்கும் பாயசம் வைக்க முடியாது.

அமெரிக்க அரசு 2023-இல் ஒரு விதி வகுத்தது. அரசுப் பணத்தில் அமையும் பொது மின்னேற்ற நிலையங்களில் ஒவ்வொரு முனையும் ஆண்டில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது அவ்விதி. ஓராண்டுக்கு 8,760 மணி. அதில் 3 விழுக்காடு ஏறத்தாழ 263 மணி, அதாவது சுமார் 11 நாட்கள். அத்தனை நாட்கள் முடங்கிக் கிடந்தாலும் விதியின் கண்ணில் பெரிய குற்றமில்லை. பெட்ரோல் தீர்ந்த காருக்கு யாராவது கேனில் வாங்கி வந்து ஊற்றலாம். மின்சாரத்தைக் கேனில் வாங்கி வர இயலுமா?

நடைமுறை இன்னும் மோசமாக இருந்திருக்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 657 விரைவு மின்னேற்ற முனைகளை நேரில் சென்று சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 விழுக்காடுதான். திரை ஒளிராதவை, பணம் ஏற்காதவை, முனை உடைந்தவை எனப் பலவகைக் கோளாறுகள். சிலவற்றில் கம்பிவடம் காரை எட்டவே இல்லை! நிறுவனங்களோ 95 முதல் 98 விழுக்காடு நேரம் இயங்குவதாகக் கூறிவந்தன. தம் விடைத்தாளைத் தாமே திருத்தினால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்?

முனை பழுதாவதில் நீங்கள் படித்த இயற்பியலும் இருக்கிறது. 400 வோல்ட்டில் 50 கிலோவாட் தர 125 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். முனையும் காரும் தொடும் இடத்தில் அழுக்கோ தேய்மானமோ சேர்ந்து 0.01 ஓம் மின்தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள்: சுமார் 156 வாட். ஒரு சிறிய சாலிடரிங் இரும்பைவிட அதிக வெப்பம் அந்தச் சிறு இடத்தில்! ஆகவே அடிக்கடி கவனிக்க ஆள் வேண்டும்.

இனி ஒரு கணக்கு. ஒரு நிலையத்தில் 4 முனைகள். ஒவ்வொன்றும் பழுதாயிருக்கும் வாய்ப்பு 0.03 என்றால், நான்கும் ஒரே நேரத்தில் பழுதாயிருக்க வாய்ப்பு 0.03-இன் நான்காம் அடுக்கு, அதாவது ஒரு கோடிக்கு 8 தடவை. அப்பாடா என்று தோன்றும். ஆனால் இந்தப் பெருக்கல், பழுதுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் செல்லும். நான்கு முனைகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே மின்மாற்றி. அது நின்றால் நான்கும் நின்றன. அந்த மின்மாற்றியும் அதற்கு வரும் கம்பியும் பெரும்பாலும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்க விதியிலோ, மின்நிறுவனத்தால் நேரும் தடங்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை!

நிலையம் நடத்துபவர் பிறர் தவறுக்குத் தண்டம் கட்டக் கூடாதுதான். அதற்காக அந்த நேரமே நடக்காதது போல் விட்டுவிடலாமா? காரோடு நிற்பவருக்கு எல்லா மணியும் ஒரே மணிதான். முதலில் தடங்கல் முழுவதையும் கணக்கெடுக்க வேண்டும். யார் பங்கு எவ்வளவு என்பதைப் பிறகு பிரிக்கலாம். மின்நிறுவனத்தின் பங்குக்கு அந்நிறுவனம் ஈடு கட்ட வேண்டும்.

பிரிட்டன், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் தரும் முனைகளுக்கு 99 விழுக்காடு என்று 2023-இல் சட்டமியற்றி, 2024 நவம்பரில் அதை நடைமுறைப்படுத்தியது. பாராட்டலாம். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் முனைகள் அனைத்துக்குமான சராசரி. 1,000 முனைகளில் 10 ஆண்டு முழுதும் செத்துக் கிடந்தாலும் சராசரி 99-தான். அந்தப் பத்தும் ஒதுக்குப்புற ஊர்களில் இருந்தால்?

நம் நாட்டில் மின்னேற்ற நிலையம் நடத்தத் தனி மின் உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018-இல் தெளிவுபடுத்திவிட்டது. தரம் தவறும் மின்விநியோக நிறுவனம் நுகர்வோருக்கு இழப்பீடு தர, 2020-இன் மின் நுகர்வோர் உரிமை விதிகள் வழி செய்கின்றன. நிலையம் நடத்துபவரும் அந்த நுகர்வோரில் ஒருவரே. மின்சாரம் நின்ற நேரத்தையும் வந்த நேரத்தையும் பதிவு செய்ய இன்றைய மின்னணு மீட்டர்களால் முடியும். மாதந்தோறும் அந்தப் பதிவை நிலையத்தின் வாசலிலேயே ஒட்டச் சொல்லலாம். கூட்டிப் பார்க்க எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.