பழுதுக்கு எதிர்ச்சொல் என்ன?

பழைய பைக் விற்பவரிடம் வண்டி எப்படி என்று கேட்டால், "பக்கா கண்டிஷன் சார், கை வைக்கவே வேண்டாம்" என்பார். பழுதுக்கு எதிர்ச்சொல் கேட்டால், பள்ளிப் பிள்ளை 'பழுதின்மை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். இருவரில் வண்டிக்காரர் சொல்லில்தான் உயிர் இருக்கிறது. என்ன, அது இந்திச் சொல். அதன் எதிர்ச்சொல்லான 'கச்சா' தமிழில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டது.

நல்லதைச் சொல்ல வந்தாலும் முதலில் குற்றத்தின் பெயரைச் சொல்லி, பிறகு அதை இல்லை என்பது தமிழின் வழக்கம். அப்பழுக்கற்ற, மாசற்ற, குறையில்லாத, சொத்தையில்லாத. இலக்கணமும் இதே வழிதான். பிழைக்கு வழு என்று பெயர், பிழையில்லாததற்கு வழாநிலை. இரண்டுக்கும் நடுவே வழுவமைதி என்று ஒன்றை வைத்தார்களே, அது அழகு. வீட்டுப் பசுவைப் பார்த்து "எங்கம்மா வந்துட்டா" என்று கொஞ்சினால் திணை தவறுகிறது. ஆனால் அன்பினால் வந்த தவறு என்று இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. கணினித் தமிழில் இன்று மென்பொருள் பிழைக்கும் 'வழு' என்றே பெயர். அங்கே அமைதிக்கு வழியில்லை.

குற்றத்தின் நிழல் படாத சொற்களும் உண்டு. அவை நேர்கோட்டிலிருந்து பிறந்தவை. நேர் என்பதிலிருந்து நேர்த்தி, செம்மையிலிருந்து செப்பம். பட்டறைப் பலகை 'பழுது பார்க்கப்படும்' என்கிறது. பார்ப்பதோடு விட்டுவிடுவார்களோ என்று கேலி செய்யலாம். 'செப்பனிடுதல்' என்ற சொல்லிலோ வேலை முடிந்தபின் பொருள் எப்படி இருக்கும் என்பதே தெரிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு இப்போது எங்கும் நிற்பது 'தரமான'. தரமான அரிசி, தரமான கல்வி, தரமான சிகிச்சை. தரம் என்றால் படிநிலை. மூன்றாந்தரமும் ஒரு தரம்தான். எந்தத் தரம் என்று சொல்லாதவரை அந்தச் சொல் எதற்கும் பொறுப்பேற்பதில்லை.

நகைக்கடையில் 'தரமான' என்ற பூச்சு செல்லாது. முன்பு பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்தார்கள். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற புகழ்ச்சியிலேயே ஓர் அளவு இருக்கிறது. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமானது. 22 காரட் நகையில் உள்ள 916 என்ற எண்ணுக்கு ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்று பொருள். "நயன் ஒன் சிக்ஸா?" என்று பாட்டிகளே கேட்கிறார்கள். எண்ணே எதிர்ச்சொல்லாகிவிட்டது.

தெருவில் தார் போடும்போது வைக்கும் பலகைக்கும் இந்த வழக்கம் வரவேண்டும். 'தரமான சாலை' என்ற வரியை அழித்துவிட்டு, தார் எத்தனை மில்லிமீட்டர் கனம், எத்தனை ஆண்டுக்குள் பள்ளம் விழுந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் செப்பனிட வேண்டும் என்று அந்த இடத்தில் எழுதட்டும்.