பாதி வேலைக்கு மீதிக் கூலி எங்கே?

பனச்சமூட்டில் ஒருபுறம் கேரளத்தின் வெள்ளறடை. மறுபுறம் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டம். 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட இந்த எல்லை மொழியைப் பிரித்ததோ இல்லையோ, கூலியைப் பிரித்தது. கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர், கேரளத்தில் தொழிலாளர் போராடிப் பெற்ற கூலியைத் தவிர்க்கவே குமரி மாவட்டத்துக்கு ஆலைகளைக் கொண்டுவந்தனர் என்பது பல பத்தாண்டு கால வரலாறு. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பெண்களும் மார்த்தாண்டம் வட்டாரத்துப் பெண்களும் உடைப்பது ஒரே ஆப்பிரிக்கக் கொட்டையைத்தான்.

அந்தக் கொட்டையின் வரத்து குறையும்போது "அண்டி ஆபீஸ்" மூடப்படுவதில்லை. "நாளை வர வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். அல்லது மதியத்தோடு வேலை முடிந்துவிடும். கொட்டை உடைப்பவருக்கும் தோல் உரிப்பவருக்கும் கிலோ கணக்கில்தான் கூலி. கிலோ குறைந்தால் கூலி குறையும். யாரும் நீக்கப்படவில்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் யாரும் வேலையிழக்கவில்லை!

வேலை நேரத்தைக் குறைத்து ஆட்குறைப்பைத் தவிர்ப்பது உலகம் அறிந்த ஏற்பாடுதான். ஜெர்மனியில் அவ்வாறு இழக்கப்படும் நிகரக் கூலியில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீடு ஈடுசெய்கிறது. 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் தொழிலாளர்கள் இத்திட்டத்தின் கீழ் இருந்தனர். அங்குள்ள முதலாளிகள் கருணை மிக்கவர்கள் என்பதல்ல காரணம். பயிற்சி பெற்ற தொழிலாளியை இழக்க அவர்கள் விரும்பவில்லை, தொழிற்சங்கமும் விடவில்லை. இங்கு நடப்பது அதன் முதல் பாதி மட்டுமே. வேலை குறைக்கப்படுகிறது, ஈடு இல்லை.

இந்தியச் சட்டத்துக்கு இது புதிதுமல்ல. 1953-இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதிகள், லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படை ஊதியம், பஞ்சப்படியில் 50 சதவீதம் வழங்க வேண்டும் என்றன. அரைநாள் லே-ஆஃப்கூட அதில் உண்டு. ஆனால் 50 பேருக்குக் குறைவான ஆலைக்கும் பருவகாலத் தொழிலுக்கும் அது பொருந்தாது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருக்கவும் வேண்டும். வேலையே கொடுக்காதவன் கையில்தான் அந்த 240-ஐ எட்டவிடாமல் செய்யும் அதிகாரமும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு இந்த ஓட்டைகளை அடைக்கவில்லை. மாறாக, லே-ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் அரசின் முன் அனுமதி பெறவேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்த்தி முதலாளிகளுக்குப் பரிசளித்திருக்கிறது.

மிஞ்சுவது இஎஸ்ஐ. 2018-இல் தொடங்கப்பட்ட அடல் காப்பீட்டாளர் நலத்திட்டம், வேலையை முற்றாக இழந்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாட்களுக்கு மட்டுமே உதவுகிறது. வாரத்தில் மூன்று நாள் வேலை பெறும் முந்திரித் தொழிலாளி அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுமட்டுமல்ல: ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்படாவிட்டால் நோய்க்கால உதவித்தொகையும் போய்விடும். கூலியைத் தின்ற அரைவேலை, காப்பீட்டையும் தின்கிறது.

எனவே பகுதி வேலையின்மைக்கும் இஎஸ்ஐ உதவித்தொகை வழங்கவேண்டும். குறைக்கப்பட்ட நாட்களைத் தகுதி நாட்களாகக் கணக்கிடவேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று ஒன்றிய அரசு கேட்கக்கூடும். 2019 ஜூலை 1 முதல் முதலாளிகளின் பங்களிப்பை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 சதவீதமாகக் குறைத்தது அதே அரசுதான். அந்த ஒன்றரை சதவீதத்தை முதலாளிகளிடம் திரும்பப் பெற்றாலே நிதிக்கு வழி பிறக்கும்.

இத்தகைய திட்டம் முதலாளிக்கான மானியமாகிவிடும் என்ற ஐயம் நியாயமானது. தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கான மசோதா பேரவையில் நிறைவேற்றப்பட்டு, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின்னரே கைவிடப்பட்டது. நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தம் விருப்பம் என்று கருதுபவர்களிடம் நிபந்தனையின்றிப் பொதுப்பணத்தைத் தர முடியாது. உதவி பெறும் காலத்தில் ஆட்குறைப்போ, மிகைநேர வேலையோ, ஒப்பந்தத் தொழிலாளரைப் புகுத்துவதோ கூடாது. குறிப்பாக, எல்லைக்கு ஒருபுறம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, மறுபுறத்து ஆலைக்கோ வீடுகளுக்கோ கொட்டையைக் கொண்டுபோய் உடைக்கும் முதலாளிக்கு இத்திட்டத்தில் இடமிருக்கக் கூடாது. குறைந்தபட்சக் கூலியை இரு மாநிலங்கள் தனித்தனியே நிர்ணயிக்கின்றன; இஎஸ்ஐ அகில இந்திய நிதி. பனச்சமூட்டு எல்லையைச் சாக்காகக் காட்ட அதற்கு இடமில்லை.

சட்டம் திருத்தப்படும்வரை சங்கங்கள் காத்திருக்கத் தேவையில்லை. "நாளை வர வேண்டாம்" என்ற ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் லே-ஆஃப் என்று எழுதப்படவேண்டும்; சட்டப்படி எழுதப்பட்ட லே-ஆஃப் நாட்கள் 240 நாள் கணக்கில் சேரும். இதற்கான கோரிக்கையை இருபுறத்து ஆலைகளின் வாயிலிலும் ஒரே நாளில் எழுப்ப, எல்லைப்புறக் கிளைகள் கூடிப்பேசத் தொடங்கவேண்டும்.